டையிங்கில் தங்கிய லாட், மைனஸில் நிற்கும் ஸ்டாக்: பின்னலாடை நிறுவனங்களின் டேட்டா கேள்விகள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். கணக்கு டேலியில், மற்றதெல்லாம் எக்செல்லில். டேட்டாவை அலசி ரிப்போர்ட் காட்டும் பிஐ மென்பொருள் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். பல ஃபைல்களின் டேட்டாவைச் சேர்த்துச் சீராக்க எக்செல்லிலேயே உள்ள பவர் குவெரி போதும். முதலில் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) பதிவைச் சரிசெய்யுங்கள். நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பேக்டிங் (துணி சுருங்காமல் பதப்படுத்துவது) என்று துணி எங்கே போனாலும், திரும்பினாலும் ஆர்டர் எண், லாட் (ஒரே தொகுதியாகப் போகும் துணி) எண், கலர், கிலோ, தேதி ஐந்தும் ஏறவேண்டும். பெரும்பாலும் சறுக்குவது பெயரில்தான். ஒரே நூலை ஒருவர் ‘30ஸ் கோம்டு’ என்று அடிப்பார், இன்னொருவர் ‘கோம்டு 30’ என்பார். மென்பொருளுக்கு அவை இரண்டு சரக்கு. குடோனில் இருக்கும் நூலையே மறுபடி வாங்குவீர்கள். ஒரு சரக்குக்கு ஒரே குறியீடு (code) வையுங்கள். அதையும் டைப் செய்யவிடாமல் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள்.

மில்லில் இருந்து நூல் வர சராசரியாக 12 நாள். அதற்கேற்ப ஆர்டர் போட்டும் நிட்டிங் நிற்கிறதே?

சராசரியை நம்பியதுதான் காரணம். ஐந்து லோடு 8, 9, 10, 12, 21 நாட்களில் வந்தாலும் சராசரி 12தான். மெஷினை நிறுத்துவது அந்த 21. இவற்றின் திட்ட விலக்கம், அதாவது சராசரியில் இருந்து நாட்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, 5.24 நாள்.

தினத் தேவை 200 கிலோ, அதன் விலக்கம் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 40-இன் வர்க்கத்தால் பெருக்குங்கள். 200-இன் வர்க்கத்தை 5.24-இன் வர்க்கத்தால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 95 சதவீதப் பாதுகாப்புக்கு 1.65-ஆல் பெருக்கினால் சேஃப்டி ஸ்டாக் (தாமதத்தைச் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் இருப்பு) சுமார் 1,745 கிலோ. அதே 12 நாள் சராசரியில் விலக்கம் மட்டும் 2 நாளாகக் குறைந்தால் 700 கிலோ போதும். ஆகவே மில்லிடம் ‘சீக்கிரம் அனுப்புங்கள்’ என்பதைவிட ‘சொன்ன நாளில் அனுப்புங்கள்’ என்று பேசுவதில்தான் பணம் மிஞ்சும். ஐந்து லோடு விளக்கத்துக்காகச் சொன்னது. உங்கள் கணக்குக்கு 20, 30 லோடாவது எடுங்கள். நூல் வர ஆகும் நாட்களை ஆர்டர் தேதியில் இருந்து எண்ணுகிறீர்களா, அட்வான்ஸ் கட்டிய தேதியில் இருந்தா என்பதையும் பாருங்கள். இரண்டும் கலந்தால் பழி மில்மேல் விழும்.

ஸ்டாக் ரிப்போர்ட்டில் மைனஸ் வருகிறது.

வரவு டிசி மறுநாள் ஏறுகிறது, சரக்கை வெளியே கொடுத்தது அன்றே ஏறுகிறது; அதனால்தான் மைனஸ். சரக்கு வந்த தேதி, பதிந்த தேதி இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

செங்கடல் பிரச்சினையில் டெலிவரி தேதி எல்லாம் தவறிவிட்டது. முன்கூட்டியே தெரிய வழி உண்டா?

2023 நவம்பரில் கப்பல்கள்மீது தாக்குதல் தொடங்கிய பிறகு, ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதில் பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. ‘ஷிப்மென்ட் 30 நாள்’ என்று ஒரே எண்ணாக வைத்திருந்தவர்கள் எங்கே திருத்துவது என்று தெரியாமல் நின்றார்கள். ஃபேக்டரி முதல் தூத்துக்குடி, தூத்துக்குடி முதல் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பலுக்குக் காத்திருப்பு, கடல் பயணம் என்று துண்டு துண்டாக, ‘எந்தத் தேதி முதல்’ என்ற கட்டத்தோடு ஒரு அட்டவணையில் வையுங்கள். கடல் பயண வரியில் ஓர் எண்ணை மாற்றினால், கையில் உள்ள ஆர்டர்களில் எவை தவறும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

எல்லா எண்களையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு போட்டோம், யாரும் திறப்பதில்லை.

30 கிராஃப் இருந்தால் யார் திறப்பார்? காலை 9 மணிக்கு ஒரு பட்டியல் போதும்: டையிங்கில் வழக்கமான நாளைத் தாண்டிய லாட், எத்தனை கிலோ, எத்தனை நாள் தாமதம், எந்த ஆர்டர், யார் போன் செய்யவேண்டும். மைக்ரோசாஃப்டின் பிஐ மென்பொருளான பவர் பிஐ ப்ரோவில் ஒரு நாளைக்கு 8 முறை டேட்டாவைப் புதுப்பிக்கலாம். இந்த வேலைக்கு 2 முறையே தாராளம்.