34 வயதில் பி.காம்.: சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: பாம்பனில் இருக்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் விசைப்படகில் மீன் பிடிக்கப் பங்குக்குப் போகிறார். நான் பாசி எடுக்கப் போவேன், மகளிர் குழுவில் கணக்கும் எழுதுகிறேன். அஞ்சல் வழியில் பி.காம். படிக்க ஆசை. ஒரு மையத்தில் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 60,000 ரூபாய் கேட்கிறார்கள். 3 பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா, பேங்கில் கல்விக்கடன் கிடைக்குமா?

பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், சகோதரி. உங்களுக்குக் கடன் தேவையா என்பதே எனக்குச் சந்தேகம்.

இக்னோவாக (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருந்தாலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் வருஷா வருஷம் கட்டினால் போதும். அவர்களுடைய இணையதளத்திலேயே கட்டலாம். அங்கே போட்டிருக்கும் பி.காம். கட்டணத்தைப் பாருங்கள், 60,000 எங்கே போகிறது என்று புரிந்துவிடும். அந்த மையத்தில் வேறு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால், அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கல்விக்கடனுக்கு வயது பெரிய தடை இல்லை, 7.5 லட்சம் வரை அடமானமும் கேட்பதில்லை. ஆனால் அது கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களை மனதில் வைத்து வந்த திட்டம். அஞ்சல் வழி என்றதும் மேலாளர் பெரும்பாலும் கையை விரிப்பார். புதுமைப் பெண் திட்டமும் அஞ்சல் வழிப் படிப்புக்குக் கிடையாது. மீனவர் நலவாரியத்தின் கல்வி உதவி உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குத்தான். அம்மாக்கள் படிப்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை போல!

சரி, பணத்துக்கு என்ன வழி? எப்போது சேருகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இக்னோவில் ஜூலை, ஜனவரி என்று இரண்டு முறை சேர்க்கை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து படகு கிளம்பினாலும், வாங்கிய கைமாற்றும் படகுக்காரரிடம் எடுத்த முன்பணமும் கழியவே ஜூலை போய்விடும். அந்த நேரத்தில் கட்டணம் கட்டப் போனால் வட்டிக்காரரிடம்தான் நிற்க வேண்டும். ஜனவரியில் சேருங்கள். ஆகஸ்டிலிருந்து பங்கு வரும் அன்றைக்கே ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) வேண்டாம், மாதம் தவறினால் அபராதம் போடுவார்கள், நவம்பர் புயலில் படகு கரையில் கிடந்தால் தவணைக்கு எங்கே போவது? அடுத்த வருஷக் கட்டணமும் இதே ஜனவரியில்தான் வரும் என்பதால், ஒருமுறை பழகிவிட்டால் சிரமம் இல்லை. தேர்வுக் கட்டணம் தனி. பரீட்சைக்குப் போய்வரும் பஸ் காசையும் சேர்த்தே ஒதுக்குங்கள்.

இரண்டு, மூன்று ஆயிரம் துண்டு விழுந்தால் உங்கள் குழுச் சேமிப்பிலிருந்தே உள்கடன் எடுக்கலாம். கணக்கு எழுதுவது நீங்கள்தான் என்பதால், தீர்மானப் புத்தகத்தில் மற்றவர்களின் கையெழுத்தை வாங்கிய பிறகே பணத்தைத் தொடுங்கள்.