ஏ-வும் பி-யும் சேர்ந்தால் ஓ பிறக்குமா?

கேள்வி: எனக்கு ரத்த வகை பி, கணவருக்கு ஏ. மூத்தவளுக்கு ஏபி. இளையவனுக்கு ஓ என்று ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நம்ம வீட்டுல யாருக்குமே ஓ கிடையாதே" என்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை. நான் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் பையனுக்கு ஓ வந்ததில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை, சகோதரி. அதை முதலில் மனதில் வையுங்கள்.

ரத்த வகைக்கான மரபணு நம் எல்லோரிடமும் இரண்டிரண்டாக இருக்கிறது. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஏ மரபணு சிவப்பணுவின் மேல் ஒருவகைச் சர்க்கரையை ஒட்டுகிறது. பி இன்னொரு வகையை ஒட்டுகிறது. ஓ எதையும் ஒட்டுவதில்லை. அதனால் ஏ-வோடு ஓ சேர்ந்திருந்தாலும் ரிப்போர்ட்டில் ஏ என்றுதான் வரும். பி-க்கும் அப்படித்தான். இப்படி ஓ பல தலைமுறை வெளியே தெரியாமலே இருந்துவிடும்.

மூத்தவளிடம் நடந்தது வேறு. ஏ, பி இரண்டும் ஒன்று சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடக்காது. அந்திமந்தாரையில் சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் ரோஸ் நிறம் பூக்குமே, அதுபோலக் கலந்தும் போகாது. மார்கழிக் கோலத்தில் மாவும் காவியும் தனித்தனியாகத் தெரிவதைப் போல, அவளுடைய சிவப்பணுக்களில் இரண்டு சர்க்கரையும் இருக்கும். இணை ஓங்குத்தன்மை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

ஆக, அவளுக்குக் கணவர் ஏ-வையும் நீங்கள் பி-யையும் கொடுத்தீர்கள். பையனுக்கு இருவருமே உங்களுக்குள் இருந்த ஓ-வைக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களைப் போன்ற தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் ஏ, பி, ஏபி, ஓ நான்குக்கும் சரிசமமாக நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மன் கணித அறிஞர் 1924-லேயே போட்டுவைத்த கணக்கு இது. ரத்த வகையைக் காரணம் காட்டி யாராவது டிஎன்ஏ சோதனை கேட்டால், அதற்கு அவசியமே இல்லை.

எனக்கு மனசு பொறுக்காதது உங்கள் கணவரின் மௌனம்தான். பச்சைக் குழந்தையோடு இருக்கும் உங்களைத் தனியாக இந்தப் பேச்சைக் கேட்க விட்டிருக்கிறாரே! குழந்தை டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். நான் எழுதியதையே டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். அப்புறம், உங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் அவரே விளக்கிச் சொல்லட்டும். தன்னிடம் இருக்கும் ஓ அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோதான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.