பால் வாளி மேல் லட்சுமி

வணக்கம் ஐயா,
போன வாரம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் ஓவியக் காட்சிக்குப் போயிருந்தேன். ரவிவர்மாவின் லட்சுமியை அப்படியே எடுத்து, தாமரைக்குப் பதில் ரப்பர் பால் வாளி மேல் நிற்க வைத்திருந்தார் ஓர் இளைஞர். விலை 2,000 வெள்ளி. அடுத்தவர் படத்தை மாற்றிப் போடுவது கலையா, திருட்டா?
தேவி, பட்டர்வொர்த்

அன்புள்ள தேவி,

நிபோங் திபால் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலும் அதே லட்சுமி இருந்தாள். பாட்டி அவள் புடவைக் கரை முழுக்க ஜிகினா ஒட்டியிருந்தார். மூக்குத்திக்கு ஒரு கண்ணாடி மணி. கஞ்சிப் பசை என்பதால் கரப்பான் அரித்து, ஒரு பக்கக் கரை மட்டும் வெறும் காகிதமாகத் தெரியும். 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியபின் அந்தப் படங்கள் வீடுவீடாகப் போயின. வாங்கியவர்கள் பலர் துணியும் ஜரிகையும் ஒட்டித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். என் பாட்டியை யாரும் திருடி என்று சொல்லவில்லை.

பிக்காசோ 1957இல் பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ஒரே ஓவியத்தை 40 தடவைக்கு மேல் திருப்பித் திருப்பி வரைந்தார். எனக்குப் பிடித்தது வான்கோ செய்ததுதான். 1889இல் மனநல விடுதியில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மிலேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். உருவம் மிலேயுடையது, வண்ணம் முழுக்க இவருடையது. பீத்தோவனை வாசிக்கிறவர் தன்னுடையதையும் சேர்ப்பதில்லையா என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். நம் கச்சேரியில் கீர்த்தனை தியாகராஜருடையது, அதில் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவல் பாடுகிறவருடையது. அந்த மாதிரி.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட மாட்டேன். மோனாலிசாவுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டினால் எனக்குக் கொட்டாவிதான் வரும். 1919இலேயே பிரெஞ்சுக் கலைஞர் டூஷாம் அவளுக்கு மீசை வரைந்தாயிற்று. உங்கள் படம் அப்படித் தெரியவில்லை. செல்வத்துக்கான தெய்வம் பால் வாளி மேல் நின்றால், யார் சீவிய ரப்பர் மரத்துச் செல்வம் என்று கேட்கத்தானே தோன்றும்? இனி பூசையறை லட்சுமியைப் பார்த்தாலும் உங்களுக்கு வாளி ஞாபகம் வரும். கோபமே அதனால்தானோ என்னவோ.

சட்டப்படி சிக்கல் இல்லை. ரவிவர்மா 1906இல் காலமானவர். மலேசியாவில் காப்புரிமை ஓவியர் இறந்து 50 ஆண்டு வரைதான். உயிரோடு இருப்பவர் என்றால் கதை வேறு. ஜார்ஜ்டவுன் ஆர்மேனியன் வீதிச் சுவரில் ஓவியர் எர்னெஸ்ட் சக்காரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைச் சாவிக்கொத்தில் பார்க்கும்போதெல்லாம், அவரைக் கேட்டார்களா என்றுதான் நினைப்பேன்.

அப்புறம், படத்துக்குக் கீழே ரவிவர்மா பெயர் இருந்ததா? நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் அந்தத் தம்பியோடு சண்டை போட நானும் வருகிறேன். விலையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.