கருஞ்சேறு ஏறிய வரம்பும் செம்மஞ்சள் நீரும்

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில் வாவியோரமாக இரண்டு ஏக்கர் வயல் செய்கிறேன். சிறுபோகம் முடிந்ததும் பெக்கோ இயந்திரத்தால் வடிகாலை ஆழமாக வெட்டி, எடுத்த கருஞ்சேற்றால் வரம்பை உயர்த்தினேன். மழை தொடங்கியபின் வரம்போரத்து நீர் செம்மஞ்சளாகி, இலைகள் நுனியிலிருந்து பழுத்துக் கருகுகின்றன. உரக்கடைக்காரர் மீற்றரை வைத்துப் பார்த்து, உவர் ஏறியிருப்பதாகவும் ஏக்கருக்குப் பத்து மூடை ஜிப்சம் போடும்படியும் சொல்கிறார். போடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் வயலைக் கெடுப்பது உவரல்ல, வரம்பிலிருந்து ஊறும் அமிலம் என்றே தோன்றுகிறது. ஜிப்சம் சோடியம் ஏறி இறுகிய மண்ணுக்கு உரியது. அமிலத்தை முறிக்கும் வலு அதற்குக் கிடையாது. பயிருக்கு எதைப் போடுவது என்று கேட்கிறீர்கள். வரம்பின்மேல் எதைப் போட்டீர்கள் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

கண்டல் வேர்களோடு உவர்நீரின் அடியில் கிடந்த கருஞ்சேற்றில் பைரைட்டு என்னும் இரும்புச் சல்பைட்டு இருப்பது வழக்கம். நீருக்குள் அது சாது. காற்றுப் பட்டால் பற்றீரியாவின் துணையோடு கந்தக அமிலமாகவும் துருவாகவும் மாறி, களியிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து வேரைக் கெடுக்கும். மாத்தறையில் நில்வளா கங்கைத் தாழ்நிலங்களை வடித்தபின் வயல்கள் புளித்ததும் இதனால்தான். கைவிடப்பட்ட சல்பைட்டுச் சுரங்கங்களின் கழிவுமேடுகளிலும் இதே வினைதான் நடக்கிறது. ஸ்பெயினின் அஸ்னல்கோயார் சுரங்கக் கழிவணை 1998 ஏப்ரலில் உடைந்து, சேறும் அமில நீரும் 4,000 ஹெக்டேயருக்கு மேல் பரவியபோது, முதலில் சேற்றை அள்ளி அகற்றினார்கள். சர்க்கரை ஆலைச் சுண்ணாம்பும் சேதனப் பொருளும் அதன் பின்னரே நிலத்துக்குப் போயின.

கடைக்காரரின் மீற்றரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது மின்கடத்துதிறனை மட்டும் காட்டும் கருவி. கறியுப்புக் கரைந்தாலும் ஏறும், அமிலமும் சல்பேற்றும் கரைந்தாலும் ஏறும். கழிவுமேடுகளை ஆய்பவர்கள் நிலத்தில் மின்முனைகளை நட்டு மின்தடையை அளந்து, அது குறைந்த இடங்களில் அமில நீர் ஊறுவதாக ஊகிக்கிறார்கள். ஆனாலும் அங்கே துளையிட்டு எடுத்த மண்ணை ஆய்வுகூடத்தில் பார்க்காமல் முடிவு சொல்வதில்லை. உவர்நீர் ஊறும் வாவிக்கரையிலோ இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். ஓர் எண்ணைக் காட்டி மூடைகளைத் தள்ளிவிடுவதை நான் மண் பரிசோதனையாக ஏற்கமாட்டேன். வரம்பு மண்ணின் பி.எச். அளவை, அதாவது குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் எண்ணை, இன்றே பாருங்கள். 4க்குக் கீழே இருந்து, வைக்கோல் மஞ்சளில் திட்டுகளும் தெரிந்தால் அமிலம்தான், ஐயமே வேண்டாம். வடிகால் அடிச்சேற்றிலும் ஒரு பிடி எடுத்து, ஈரம் காயாமல், காற்றுப் படும்படி எட்டு வாரம் வைத்து அளந்தால், இனி எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பது தெரியும்.

அடுத்து அதே கடையில் சுண்ணாம்பு விற்கப் பார்ப்பார்கள். ஒரு தொன் மண்ணில் 1 வீதம் சல்பைட்டுக் கந்தகம் இருந்தால், அதை முறிக்க 31 கிலோவுக்குச் சற்று மேலாகத் தூய சுண்ணக்கல் தூள் தேவை. ஓர் ஏக்கரின் 20 சென்ரிமீற்றர் மேல்மண் ஏறத்தாழ 1,000 தொன் என்பதால், அப்படிப்பட்ட மண்ணுக்கு 31 தொன்னாகிறது. நாலு மூடை எந்த மூலைக்கு?

ஆகவே சேற்றை வரம்பிலிருந்து இறக்கி, சுண்ணக்கல் தூள் கலந்து, கோடையிலும் நீர் வற்றாத குழியில் அமிழ்த்துங்கள். செம்மஞ்சள் நீரை வடித்துப் புதுநீர் பாய்ச்சுங்கள். அதன்பின் வயலைக் காயவிடாதீர்கள். அமோனியம் சல்பேற்று உரத்தை இந்தப் போகம் தொடவே வேண்டாம். வடித்த நீரை நேரே வாவிக்கு விட்டால் மீனும் இறாலும் சாகும் என்பதால், வாய்க்காலை மறித்துச் சுண்ணாம்பிட்டு, பி.எச். 6ஐத் தாண்டிய பிறகே திறவுங்கள்.