தோழிக்குத் திரும்பி வந்த புற்றுநோய் எனக்கும் வருமா?

கேள்வி: வயது 56. நான்கு வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனது. ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்) பாசிட்டிவ், ஹெர்2 (ஒரு புரதம்) நெகட்டிவ். லெட்ரோசோல் மாத்திரையால் மூட்டுவலி தாங்கவில்லை. மூன்று மாதமாக அதை நிறுத்திவிட்டு, யூடியூபில் பார்த்த மூலிகைப் பொடி சாப்பிடுகிறேன். என்னோடு சிகிச்சை எடுத்த தோழிக்கு இரண்டே வருடத்தில் நுரையீரலில் பரவிவிட்டது. அவருக்கு ட்ரிப்பிள் நெகட்டிவ், அதாவது இந்த மூன்றுமே நெகட்டிவ். எனக்கும் அப்படி ஆகுமா? முழு உடல் ஸ்கேன் எடுக்கவா? சோயா சாப்பிடலாமா? தழும்புப் பக்கம் சுருக்கென்று குத்துகிறதே?

பதில்: உங்கள் தோழிக்கு வந்தது வேறு வகை. ட்ரிப்பிள் நெகட்டிவ் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று வருடங்களில் திரும்பும். நுரையீரல், மூளைக்குப் பரவும் வாய்ப்பும் அதில் கூடுதல். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

உங்களுடையது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்கிற வகை. ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆனால் பத்து, இருபது வருடம் கழித்துக்கூடத் திரும்பலாம். அதைத் தடுக்கத்தான் லெட்ரோசோல். மாதவிடாய் நின்ற பிறகும் உடலில் ஊறும் ஈஸ்ட்ரோஜனை அது குறைக்கிறது. அதை யாரையும் கேட்காமல் நிறுத்தியதுதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த ஒரே விஷயம். மூன்று மாதத்தில் எல்லாம் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் இந்த வாரமே உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். வலி தாங்கவில்லை என்றால் அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன், டமாக்ஸிஃபென் என்று மாற்று மாத்திரைகள் இருக்கின்றன. தினசரி உடற்பயிற்சியும் இந்த வலியை நன்றாகவே குறைக்கும். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருப்பார்கள்!

அடுத்து, வலியில் ஒரு வித்தியாசத்தை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையால் வரும் வலி விரல், மணிக்கட்டு, முழங்கால் என இரண்டு பக்கமும் வரும். காலையில் விறைப்பாக இருக்கும், நடமாட ஆரம்பித்ததும் இளகும். உங்கள் வகை பரவினால் அதிகம் போவது எலும்புக்கு. அந்த வலி முதுகு, இடுப்பு, விலா என ஒரே இடத்தில் நிற்கும். ஓய்வெடுத்தாலும் குறையாது, ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும், நாளாக நாளாகக் கூடும். அப்படி ஒரு வலி இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காட்டியே ஆக வேண்டும். முதுகுவலியோடு கால் பலவீனமோ மரத்துப்போதலோ வந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்குகிற அறிகுறி அது. ஒரு நாள் தள்ளினால்கூட நடக்கும் சக்தி போய்விடலாம்.

தொந்தரவு எதுவும் இல்லாதபோது முழு உடல் ஸ்கேன் வேண்டாம். வருடாந்திர மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) டாக்டரின் பரிசோதனையும் போதும். லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும் என்பதால் எலும்பு அடர்த்தியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உணவாகச் சாப்பிடும் சோயாவால் கெடுதல் இல்லை. தழும்புப் பக்கக் குத்தல் பெரும்பாலும் வெட்டுப்பட்ட நரம்பால் வருவது, வருடக்கணக்கில்கூட இருக்கலாம். அங்கே புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் உடனே காட்டுங்கள்.

பொடியை இன்றோடு நிறுத்துங்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் சரக்கு இருக்கிறதா என்று உங்களுக்கும் தெரியாது, அதைச் சிபாரிசு செய்தவருக்கும் தெரியாது. டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.