12.9 போட்டும் போல்ட் உடையுதுன்னா

திரும்ப 8.8 கிரேடுக்கே வாங்க (போல்ட் தலையில அடிச்சிருக்கற இந்த நம்பர்தான் அதோட பலத்த சொல்ற கிரேடு). கம்ப்ரசர் மோட்டார் பேஸ்ல எம்10 (10 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட் 8.8 உடைஞ்சு, 12.9 போட்டும் ரெண்டே மாசத்துல உடைஞ்சுதுன்னா குறை அனேகமா கிரேடுல இல்ல, டைட்ல.

8.8ல முதல் 8ஐ 100ஆல பெருக்குங்க, 800 மெகாபாஸ்கல் (இழுவை அழுத்தத்தோட அளவு), அதுல இழுத்தா அறுந்துடும், அடுத்த 8 வந்து அதுல 80 சதவீதம், 640 தாண்டினா நீண்டது நீண்டதுதான், பழைய அளவுக்கு வராது. 12.9க்கு அதே கணக்குல 1200, 1080. இதெல்லாம் ஒரே இழுவைக்கு. போல்ட் லூசா இருந்து மோட்டார் ஆட்ட ஆட்ட மரை இடுக்குல விரிசல் விட்டுத்தான் உடையும், அதுக்கு பெரிய கிரேடு போட்டும் பெருசா பிரயோஜனம் இல்ல.

உடைஞ்ச முகத்த பாருங்க. ஒரு ஓரத்துலேர்ந்து சிப்பி ஓடு மாதிரி வரிவரியா வழவழன்னு போயி மீதி மட்டும் சொரசொரன்னு இருந்தா ஆட்டத்துல களைச்சு உடைஞ்சதுதான். கழுத்து மெலிஞ்சு நீண்டிருந்தா ஓவர் லோடு.

வாஷருக்கு அடியில பெயிண்ட் இருந்தா சுரண்டி எடுத்துட்டு டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு முறுக்குறோம்னு காட்டுற ஸ்பேனர்) சுமார் 45 நியூட்டன் மீட்டர் வைங்க, தலையிலயும் பேஸ்லயும் சேர்த்து ஒரு கோடு போட்டு மறுநாள் நகர்ந்திருக்கான்னு பாருங்க. மோட்டார் கால் நாலும் சமமா உட்காருதா? அதையும் பாத்துக்கோங்க.

ஒண்ணு, 12.9 போல்ட்ட துரு பிடிக்குதேன்னு கடையில குடுத்து ஜிங்க் பிளேட்டிங் பண்ணிடாதீங்க, ஹைட்ரஜன் உள்ள ஏறி சில நாள் கழிச்சு சும்மா இருக்கும்போதே பட்டுனு உடையலாம்.