ஃபிஷரின் மினுவெட்: கேள்வி பதில்

ஜொஹான் கிறிஸ்டியன் ஃபிஷர் (1733–1800) ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில் பிறந்து லண்டனில் பெயர் வாங்கிய ஓபோ (மரத்தாலான ஊதுகுழல்) கலைஞர், இசையமைப்பாளர். அவரைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் எனக்குத் தெரிந்த பதில்களும்.

கேள்வி: இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன் சார். எங்கிருந்து தொடங்கலாம்?

மொட்சார்ட்டிலிருந்து. அவர் 1774-இல் பியானோவுக்கு எழுதிய 12 வேரியேஷன்கள் (ஒரே மெட்டை விதவிதமாக மாற்றி வாசிப்பவை) இருக்கின்றன, மொட்சார்ட் படைப்புகளுக்கு எண் தரும் கோஷெல் பட்டியலில் 179-ஆம் எண். அதன் தொடக்க மெட்டு மொட்சார்ட்டுடையது அல்ல, ஃபிஷருடையது. ஓபோ கான்செர்ட்டோ (தனிக் கலைஞரும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பது) ஒன்றின் கடைசிப் பகுதியில் வரும் மினுவெட், அதாவது மூன்று தட்டு நடன மெட்டு, அது. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க அதை முணுமுணுத்தார்கள். ஒருமுறை கேட்டால் போதும், நாள் முழுக்க உங்கள் மனதிலும் ஓடும்.

கேள்வி: ஓபோ நம் நாதஸ்வரம் மாதிரியா?

சீவாளி மாதிரி இரட்டை நாணல் வைத்து ஊதுவதால் உறவுதான். நாதம் வேறு, அடக்கமானது. ஃபிஷர் காலத்து ஓபோ பெரும்பாலும் பாக்ஸ்வுட் மரத்தில் செய்தது. சாவிகள் இரண்டு மூன்றுதான், மிச்ச ஸ்வரமெல்லாம் விரலும் உதடும் பிடிக்க வேண்டும். இன்றைய ஓபோவில் உள்ள சாவிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதை நினைத்தால் மலைப்பாக இருக்கும்.

கேள்வி: மொட்சார்ட் இவரை மட்டமாகத் திட்டியிருக்கிறாரே? அப்படியென்றால் சுமாரான கலைஞர்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆம், திட்டினார். 1787 ஏப்ரல் 4 அன்று வியன்னாவிலிருந்து அப்பா லியோபோல்டுக்கு எழுதிய கடிதத்தில். ஃபிஷர் அப்போது அங்கே வந்து வாசித்திருந்தார். நாதம் முழுக்க மூக்கால் வருகிறது, நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம் ஆர்கனின் நடுக்கம்போல இருக்கிறது, கான்செர்ட்டோவில் வாத்தியக் குழுவின் முன்னுரை ஒவ்வொன்றும் கால் மணி நேரம் ஓடுகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறார். ஹாலந்தில் சிறுவனாகக் கேட்டபோது தனக்கு மிகவும் பிடித்திருந்ததையும் அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். ஹாலந்தில் கேட்டபோது அவருக்குப் பத்து வயது, கடிதம் எழுதியபோது 31.

நடுவில் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்து ஓபோ கலைஞர் ஃப்ரீட்ரிஷ் ராம் வாசித்த மென்மையான, தூய ஓபோ நாதத்துக்கு மொட்சார்ட்டின் காது பழகியிருந்தது. ஃபிஷர் அதற்கு முந்தைய தலைமுறை ரசனையில் வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். ரசனை மாறிய பிறகு மேடை ஏறிய மனிதர் என்றுதான் நான் பார்க்கிறேன். ஒரே ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் கணக்கை முடிப்பது அநியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1778-இல் பாரிஸில் ஒரு சீமாட்டி வீட்டில், விரல் விறைக்கும் குளிரில், மட்டமான பியானோவில் மொட்சார்ட் வாசிக்க நேர்ந்தது. கூடியிருந்தவர்கள் படம் வரைவதிலேயே மும்முரம். நாற்காலிக்கும் மேசைக்கும் சுவருக்கும் வாசித்ததாக அப்பாவுக்கு எழுதுகிறார். அன்று அவர் எடுத்தது ஃபிஷர் வேரியேஷன்களைத்தான். பாதியில் நிறுத்தி எழுந்துவிட்டார். ஊர் ஊராகச் சுற்றிய அந்த நாட்களில் அவர் கையோடு வைத்திருந்த உருப்படி அது.

கேள்வி: லண்டனில் அவருக்கு என்ன மரியாதை இருந்தது?

பெரிய மரியாதை. 1768-இலிருந்து அங்கே வாசித்தார். இசையமைப்பாளர்கள் யோஹான் கிறிஸ்டியன் பாஹும் ஆபெலும் நடத்திய கச்சேரிகளில் முக்கிய தனிக் கலைஞர். பிறகு ராணி சார்லட்டின் இசைக்குழுவில் இடம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 1784-இல் நடந்த இசையமைப்பாளர் ஹாண்டல் நினைவு விழாவிலும் வாசித்தார்.

கேள்வி: ஓவியர் கெயின்ஸ்பரோவின் மருமகன் என்கிறார்களே?

உண்மை. மூத்த மகள் மேரியை 1780-இல் மணந்தார். கெயின்ஸ்பரோ இசைப் பித்தர். ஃபிஷரின் வாசிப்பை ரசித்தவர், மாப்பிள்ளையாக வருவதை மனதார விரும்பவில்லை. அவர் பயந்தபடியே சீக்கிரம் பிரிந்துவிட்டார்கள். மேரியின் மனநலம் பிற்காலத்தில் மிகவும் குன்றியது, தங்கை மார்கரெட்டுடன் வாழ்ந்தார். யார்மேல் பழி என்று தேடுவதில் எனக்கு விருப்பமில்லை. கெயின்ஸ்பரோ தீட்டிய ஃபிஷர் உருவப்படம் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. கையில் இறகுப் பேனாவுடன் விசைப்பலகை வாத்தியத்தில் சாய்ந்து நிற்பார். யோசனையில் மூழ்கிய முகம். கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: எட்டு டிம்பனிக்கான (கிண்ண வடிவ முரசு) சிம்பொனி இவர் எழுதியதா?

இல்லை. பெயரொற்றுமையால் வந்த குழப்பம்.

கேள்வி: கடைசிக் காலம் எப்படி?

1800 ஏப்ரலில் அரச குடும்பத்தின் முன் வாசித்துக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் தாக்கியது. 29-ஆம் தேதி இறந்தார்.

கேள்வி: எதை முதலில் கேட்கட்டும் அண்ணா?

வேரியேஷன்களில் தொடக்க மெட்டை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மறுபடி அதையே கேளுங்கள், பியானோவை மறந்து ஓபோவாகக் கற்பனை செய்துகொண்டு. மூச்சு எங்கே எடுப்பார் என்று தேடுங்கள். அப்புறம் அவருடைய சி மேஜர் ஓபோ கான்செர்ட்டோவுக்குப் போகலாம்.